நாலு கதவுச் சன்னல்: தேக்கு, வீடு, பனியன் கம்பெனி

1

காற்று வரும் வழிக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, சேர்ந்தால் காலதர். பல கண்களை உடையது பலகணி. சாளரம் என்ற சொல்லும் உண்டு. இவ்வளவும் இருக்க, வீட்டில் நாம் சொல்வதென்னவோ சன்னல்தான். போர்ச்சுக்கீசியரின் 'ஜனேலா' அது. சாவியும் அலமாரியும் மேசையும் வந்த கப்பலிலேயே வந்து இறங்கிய சொல். ஒரு வேற்றுச் சொல் இத்தனை சுலபமாக நாலு சொற்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது எப்படி? தமிழ்ப் பற்றின் குறைவு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பழைய சொற்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. நெடுநல்வாடையில், வேனிற்காலப் படுக்கையறைக்குத் தென்றலைத் தரும் சாளரத்தைக் கூதிர் காலத்தில் தாழிட்டு வைத்திருப்பது சொல்லப்படுகிறது. தென்றலுக்கென்று ஓர் அறையும் அந்த அறைக்கென்று ஒரு பருவமும் வைத்துக்கொள்ள முடிந்தவர்களின் மாடம் அது. காலதரும் பலகணியும் மாடத்துச் சொற்கள். குடிசைக்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டிருக்கவில்லை. சாமானியன் வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்த காலத்தில் அதற்குக் கைவசம் இருந்த பெயர் சன்னல் என்பதாக இருந்தது, அவ்வளவுதான் என்று நினைக்க இடமுண்டு.

இந்தச் சொல்லாராய்ச்சி இப்போது எதற்கு என்றால், அந்தச் சன்னல்கள் நம் கண்ணெதிரே பெயர்த்தெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம், ஊத்துக்குளி என்று இந்தப் பனியன் பூமி முழுவதிலும் மிச்சமிருக்கிற ஓட்டு வீடுகளிலிருந்து தேக்கு நிலைகளும் பலகைக் கதவுகளும் வெளியே வருகின்றன. அந்த இடத்தில் அலுமினியமோ யு.பி.வி.சி.யோ உட்காருகிறது. இது பற்றி இரண்டு விதமான பேச்சுக்கள் கேட்கின்றன. ஒன்று வீட்டுக்காரருடையது: "இந்த ஓட்ட சன்னல எடுத்துப்போட்டு கண்ணாடி வெச்சுட்டா பங்களாவாட்டம் இருக்குமுங்க. கரையான் தொல்லையும் உட்டுது." மற்றது மரபுநேசருடையது: "எப்பேர்ப்பட்ட வேலைப்பாடு, எப்பேர்ப்பட்ட மரம், எல்லாம் போச்சே!"

இரண்டு பேச்சுக்களும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகவே இருக்கின்றன. இருவருக்குமே சன்னல் ஒரு பொருள்; ஒருவருக்குப் பழசாகிப்போன பொருள், மற்றவருக்கு அரிதாகிப்போன பொருள். அந்த மரம் எந்தக் காட்டிலிருந்து, யார் தோளில் வந்தது, அந்தக் கதவுக்குப் பின்னால் யார் நின்றார்கள், யாருக்கு அப்படி நிற்க அனுமதி இல்லை, இன்றைக்குச் சன்னலே இல்லாத அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்ற கேள்விகள் இரண்டு பேச்சிலும் இல்லை. இந்தக் கேள்விகளின் வழியாகச் சன்னலின் வரலாற்றை ஒருமுறை நடந்து பார்ப்பது அவசியம். வெறும் ஏக்கத்திலிருந்து அப்படித்தான் வெளியே வர முடியும்.

2

கொங்குப் பகுதியில் வசதியுள்ள குடியானவர் வீடு என்பது தொட்டிக்கட்டு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம், முன்னால் ஆசாரம், அதற்கும் வெளியே திண்ணை. வெளிச்சமும் காற்றும் நடுவில் மேலிருந்து இறங்கும். வீட்டின் முகம் உள்நோக்கித் திரும்பியிருக்கும். வெளிச்சுவரில் சன்னல் கொஞ்சம்தான், அளவிலும் சிறியது. கனத்த நிலை, செங்குத்தாக நிற்கும் இரும்புக் கம்பிகள், நாலு பலகைக் கதவு. கண்ணாடி கிடையாது.

இந்த நாலு கதவைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு; தனித்தனியாகத் திறக்கும். கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்து வைத்தால் அறைக்குள் மேலே ஏறி நிற்கும் வெக்கைக் காற்று வெளியே போகும். தெருவில் போகிறவன் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது. கீழ்க்கதவைத் திறந்தால் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர் மேல் காற்று நேராக வந்து விழும். சாரல் அடித்தால் ஒன்று, ஆடிக் காற்று புழுதியோடு வந்தால் வேறொன்று என்று வேளைக்கொரு நிலை வைத்துக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வந்து உடுமலை, பல்லடம் பக்கம் இன்று காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றை இந்த நாலு பலகைகள் கொண்டுதான் நம் ஆட்கள் அளந்து உள்ளே விட்டார்கள். இது அறிவு. இதில் சந்தேகமில்லை.

ஆனால் அறிவு எப்போதும் அதிகாரத்தோடு சேர்ந்தே வீட்டுக்குள் நுழைகிறது. கீழ்க்கதவு யாருக்காகச் சாத்தப்பட்டது? "வயசுக்கு வந்த புள்ளைக்குச் சன்னலோரத்துல என்ன வேலை?" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்த பெண் இந்தச் சீமையில் எத்தனை பேர்? திண்ணையில் உட்கார்ந்து தெருவை முழுசாகப் பார்க்கிற உரிமை ஆணுக்கு. கம்பிக்குப் பின்னால் நின்று, மேல்கதவு உயரத்துக்கு எட்டிப் பார்க்கிற சலுகை பெண்ணுக்கு. பெந்தாம் 1791-இல் நூலாக வெளியிட்ட வட்டச் சிறையின் காவல் கோபுரத்தை எடுத்துக்கொண்டு ஃபூக்கோ, பார்ப்பவன் மறைந்திருக்க, பார்க்கப்படுபவன் எந்நேரமும் வெளிச்சத்தில் இருப்பதே நவீன அதிகாரத்தின் இலக்கணம் என்றார். நம் தொட்டிக்கட்டில் நடந்தது இதற்குக் கொஞ்சம் மாறானது. பார்க்கிறவன் திண்ணையில் வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தான். மறைக்கப்பட்டவள்தான் கட்டுப்படுத்தப்பட்டாள். ஐரோப்பியக் கோட்பாட்டை அப்படியே கொண்டுவந்து நம் வீட்டுச் சுவரில் ஒட்டினால் நிற்காது என்பதற்கு இதுவே ஒரு சாட்சி.

பண்ணையத்தில் இருந்த மாதாரிக்கு இந்தச் சன்னல் எப்போதும் வெளிப்பக்கத்திலிருந்து மட்டுமே தெரிந்தது. திண்ணைக்கு இந்தப் பக்கம் வாசலோடு அவன் எல்லை முடிந்தது. கூலித் தவசமும் பழைய சோறும் அங்கேதான். அவனுடைய சொந்தக் குடிசையோ மண் சுவரும் ஓலைக் கூரையும் குனிந்து நுழையும் ஒரே வாசலும் கொண்டது. அடுப்புப் புகை ஓலை இடுக்கு வழியாகக் கசிந்து வெளியேறியாக வேண்டும். ஆக, "பழைய சன்னல்" என்று நாம் உருகும்போது, அதற்குள் ஒரு சாதியின் வீடும் ஒரு பாலின் பார்வையும் சொல்லப்படாமலே ஒளிந்திருக்கின்றன. நிலமில்லாதவர்களுக்கு இழப்பதற்கு அப்படி ஒரு சன்னல் இருந்ததே இல்லை.

இதே கோயமுத்தூர் ஜில்லாவின் வடமேற்கு மூலையில் இன்னொரு வகைச் சன்னல் இதே காலத்தில் வந்து சேர்ந்தது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். 1822-இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார். அவருக்குப் பின்னால் மலையேறிய வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் மூன்று முகச் சன்னலைக் காணலாம். மரச் சட்டம், சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள், உள்ளே உட்கார ஒரு பலகை. தாழ்ந்து போகிற வெயிலை மூன்று பக்கமும் பிடித்து உள்ளே இழுக்கிற ஏற்பாடு அது. குளிர்நாட்டுத் தேவை.

அந்தச் சன்னலுக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சன்னலுக்கு வரி இருந்தது. எண்ணிக்கைப்படி வரி. வரிக்குப் பயந்து சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அப்படி அடைத்த தடம் இன்றும் பல பழைய வீடுகளில் தெரிகிறது. வாடகை வீடுகளில் அடைத்தவர் வீட்டுச் சொந்தக்காரர், மூச்சுத் திணறியவர் குடியிருந்தவர். கண்ணாடி மீதான தீர்வை 1845-இல் போயிற்று, சன்னல் வரி 1851-இல் போயிற்று. அதன் பிறகே துருத்திய சன்னல் நடுத்தர வர்க்கத்து வரிசை வீடுகளின் சாதாரண அடையாளமாக ஆயிற்று. வெளிச்சம் என்பது இயற்கை எல்லோருக்கும் கொடுத்த கொடை என்று கவிதையில் சொல்லிக்கொள்ளலாம். வரலாற்றில் அது வரியாகவும் வாடகையாகவும் நிலவுரிமையாகவுமே பங்கிடப்பட்டிருக்கிறது.

3

இனி மரத்துக்கு வருவோம்.

பழைய சன்னலைப் பற்றிப் பேசும்போது "வைரம் பாய்ந்த மரம்" என்று சொல்லி ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவது வழக்கம். அந்த வைரம் பாய்வதற்கு நூறு வருஷமாவது காடு நின்றிருக்க வேண்டும். கொங்குச் சீமைக்குப் பக்கத்துத் தேக்குக் காடு ஆனைமலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தேக்கின் மீது முதல் கண் வைத்தது நம் குடியானவர் அல்ல, பம்பாயின் கப்பல் கட்டும் துறை. கும்பினிக்குக் கப்பல் வேண்டும், கப்பலுக்குத் தேக்கு வேண்டும். இந்த வெட்டின் வேகத்தில் மேற்குக் கடற்கரைக் காடுகள் மொட்டையாகவே, மலபார்க் கலெக்டர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க ஆரம்பித்தார். 1856-இல் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை ஏற்பட்டு கிளெக்ஹார்ன் அதன் காப்பாளரானார். 1862-இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் பாதை திருப்பூர் வழியாக ஓடிற்று. அந்தத் தண்டவாளத்தின் கீழே கிடக்கும் கட்டைகளுக்கும் காடுதான் பதில் சொன்னது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்து, காடு என்பது சர்க்கார் சொத்து என்று முத்திரை விழுந்தது.

டாப்சிலிப் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் போய்வருகிற இடத்தின் பெயரே இந்த வேலையின் மிச்சம். மலை மேலிருந்து வெட்டிய மரத்தைச் சரிவில் கீழே வழுக்கிவிட்ட மேல்முனை அது. வழுக்கிவிட்டவர்கள் யார்? காடர்கள், மலசர்கள், அவர்களோடு யானைகள். தங்கள் காட்டில் தாங்களே கூலிகளாக ஆனவர்கள். ஆனைமலைக் காட்டை மீண்டும் தழைக்க வைத்தவர் என்று போற்றப்படும் வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை அங்கே இருக்கிறது, 1933-இல் இறந்தவர். அவருடைய அக்கறையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெட்டியவனுக்கும் சுமந்தவனுக்கும் கல்லறையில்லாத ஒரு வரலாற்றில் காப்பாற்றிய அதிகாரிக்கு மட்டும் கல்லறை இருப்பதை யோசிக்க வேண்டும். காட்டில் குடியிருப்போரின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் வருவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு தேக்கு கடல் கடந்து வந்தது. 1885-இல் பிரிட்டிஷார் மேல்பர்மா மீது படையெடுத்ததற்குச் சொல்லப்பட்ட உடனடிக் காரணமே ஒரு மரக் கணக்குதான். பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், கணக்கில் காட்டியதை விட அதிகமாகத் தேக்கு வெட்டியது என்று பர்மிய அரசு அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து மன்னர் திபாவின் ராஜ்ஜியமே போயிற்று. கீழ்பர்மாவின் நெல் வயல்களில் கடன் கொடுத்த நகரத்தார், 1930-களின் விலை வீழ்ச்சிக்குப் பிறகு அந்த வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்தார்கள். காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளின் தூணும் நிலையும் சன்னலும் அந்த வட்டிப் பணத்தில், அந்தப் பர்மாத் தேக்கில் நின்றவை. பர்மிய விவசாயியின் நிலமும் ஆனைமலைக் காடரின் காடும் நம் வீட்டு நிலைகளில் இழைக்கப்பட்டு எண்ணெய் பூசப்பட்டு நிற்கின்றன என்று சொன்னால் அது வெறும் உருவகம் இல்லை. பொருளாதாரக் கணக்கு.

மரத்தைச் சன்னலாக்கியவர் ஆசாரி. குடியானவனுக்கு ஏர், கலப்பை செய்து கொடுத்துக் களத்தில் மேரை வாங்கிக்கொண்டிருந்தவர். சன்னல் நிலையை அவர் துளையடித்து, நாக்குச் செருகி, மர ஆப்பு வைத்து இறுக்கினார். ஆணி கிடையாது, பசை கிடையாது. இதன் பொருள் என்ன? ஆப்பைத் தட்டினால் பிரிக்கலாம், பழுதான சட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு சட்டம் போடலாம், மறுபடி பூட்டலாம். அந்தச் சன்னல் பழுது பார்க்கப்படும் என்ற எதிர்பார்ப்போடு செய்யப்பட்டது. செய்தவரோ அவர் மகனோ பத்து வீடு தள்ளியே இருப்பார் என்ற சமூக ஏற்பாடு அந்த இணைப்புக்குள் இருந்தது. அந்த ஏற்பாடு சாதியின் ஏற்பாடு. மகன் வேறு தொழிலுக்குப் போக முடியாது என்ற கட்டாயத்தின் மீது நின்ற ஏற்பாடு. அது உடைந்ததில் துக்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது உடைந்தபோது கையின் அறிவும் சேர்ந்து சிதறிற்று. அந்த அறிவைச் சாதியின் பிடியிலிருந்து மீட்டுப் பொதுவாக்குகிற பள்ளிக்கூடம் எதையும் நாம் கட்டிவைக்கவில்லை.

4

திருப்பூர் பருத்தி அரைவையின் ஊராக இருந்து கதரின் ஊராக ஆயிற்று. 1932 ஜனவரியில் குமரன் விழுந்தது இந்தத் தெருவில்தான். குலாம் காதர் 1925-இல் முதல் பின்னல் மிஷினைக் கொண்டுவந்தார் என்பது ஊர் வரலாறு. 1970-களில் ஏற்றுமதி தொடங்கியது. 1984-இல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு உற்பத்தி துண்டு துண்டாகப் பிரிந்து ஜாப் ஒர்க்காகச் சந்து பொந்தெல்லாம் பரவியது. 2005-இல் சர்வதேச ஒதுக்கீட்டு முறை முடிந்தது. 2009-இல் ஊர் ஜில்லாத் தலைநகராயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

இந்த வரலாற்றில் வீட்டின் இடம் எது? பெரிய ஆலை கட்டி, பிறகு அதைச் சுற்றி ஊர் வந்த கதை கோயமுத்தூருடையது. திருப்பூரில் கம்பெனி வீட்டுக்குள்ளிருந்தே முளைத்தது. ஆசாரத்தில் நாலு மிஷின், மாட்டுக் கொட்டகையில் கட்டிங் டேபிள், தோட்டத்துச் சாளையில் செக்கிங். நிலத்தில் பாடுபட்ட கவுண்டர் குடியானவர்கள், பலர் தாங்களே மிஷின் ஓட்டிய தொழிலாளிகளாக இருந்து, முதலாளிகளானதை ஷரத் சாரி தன் ஆய்வில் (2004) விரிவாகவே காட்டியிருக்கிறார். அந்தப் பயணத்தில் தொட்டிக்கட்டு வீடே முதல் மூலதனம். தொட்டிக்கு மேலே தகரம் விழுந்தது. பஞ்சுத் தூசியும் துணியும் நனையக்கூடாது, களவு போகக்கூடாது என்று சன்னல்கள் அடைபட்டன. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறக்கிற பழைய சாமர்த்தியத்துக்கு அங்கே வேலையில்லை. இரவும் பகலும் ஒரே டியூப் லைட் வெளிச்சம். ஒன்றரை ஷிப்டு ஓட்டுகிறவனுக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமில்லை என்று முடிவு செய்தாயிற்று.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் புரட்டினால், 13-ஆம் பிரிவு போதிய காற்றோட்டம் வேண்டும் என்றது. 17-ஆம் பிரிவு, வெளிச்சத்துக்கான கண்ணாடிச் சன்னல்களை உள்ளும் புறமும் சுத்தமாக, மறைப்பில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்றது. ஒரு தொழிலாளியின் கண்ணுக்கும் சுவாசத்துக்கும் சன்னல் தேவை என்று ஒரு தேசம் எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் சட்டம் பார்த்த தொழிற்சாலை என்பது தலைக்கணக்கால் தீர்மானமாயிற்று. மின்சாரம் கொண்டு ஓடினால் அந்தச் சட்டப்படி பத்துப் பேர் என்றிருந்தது. எட்டுப் பேர் வேலை செய்கிற ஆசாரம் சட்டத்தின் கண்ணுக்கு வீடாகவே தெரிந்தது. வீடு என்ற சொல் தொழிலாளியின் சன்னலை இப்படி மறைத்தது.

பிறகு கம்பெனி பெரிதாகி ஷெட்டுக்கும் புது வளாகத்துக்கும் போனது. முதலாளி புது பங்களாவுக்குப் போனார். காலியான பழைய வீடு என்ன ஆயிற்று? சில இடிந்தன. சில வாடகைக்கு விடப்பட்டன. மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டையிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் வந்தவர்களுக்கு. ஒரு தாழ்வாரம் ஐந்து அறைகளாகத் தடுக்கப்படுகிறது. வெளிச்சுவர்ச் சன்னல் யார் அறைக்குள் விழுகிறதோ அந்த அறைக்கு வாடகை கூட. தடுப்புச் சுவர் சன்னலின் நடுவிலேயே விழுந்து, ஆளுக்கு இரண்டு கதவாகப் பங்கு போட்டுக்கொண்ட அறைகளும் உண்டு. மற்ற அறைகளுக்குக் கதவுதான் சன்னல். பெண்கள் இருக்கிற அறையென்றால் அந்தக் கதவும் சாத்தியே கிடக்கும். ஏங்கெல்ஸ் 1872-இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது, முதலாளித்துவம் தன் சேரிகளை ஒழிப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது என்ற கருத்தை வைத்தார். இங்கே ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. திருப்பூரில் சேரி நகர்ந்து போய்க் கவுண்டர் வீட்டு ஆசாரத்துக்குள்ளேயே குடியேறியிருக்கிறது, வாடகை கொடுத்து.

இதற்கு நடுவில் தேக்கு தனியாக ஒரு பயணம் போகிறது. இடிக்கிற வீட்டில் முதலில் விலை பேசப்படுவது நிலையும் சன்னலும்தான். பழைய மரக்காரர்கள் லாரி வைத்து ஏற்றிப் போகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் இந்த வியாபாரத்துக்குப் பேர்போன இடம். செட்டிநாட்டு மாளிகைகளின் உடல் அங்கே துண்டு துண்டாக விற்கப்படுகிறது. அதே செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஊர் மரபுச் சின்னம் ஆகும் தகுதி பெறுகிறது. ஊரின் சன்னல் ரிசார்ட்டின் வரவேற்பறைக்குப் போகிறது. அங்கே அது சுவரில் மாட்டப்பட்டு, பின்னால் கண்ணாடி வைத்து, முகம் பார்க்கும் அலங்காரமாகிறது. காற்று வரும் வழி என்ற பொருள் முற்றாகக் கழன்றுபோன சன்னல். காடரும் ஆசாரியும் கீழ்க்கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணும் சுரண்டியெடுக்கப்பட்டு, மேலே மெருகெண்ணெய் மட்டும் மினுங்குகிறது.

5

அப்படியானால் பழைய சன்னலை எடுக்கலாமா, கூடாதா? கோட்பாடு பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நழுவிவிடுவது வழக்கம். நழுவக் கூடாது.

முதலில் காரியத்தைப் பார்ப்போம். மரச் சன்னல் முழுவதுமாக ஒரே நாளில் கெடுவதில்லை. கெடுவது பெரும்பாலும் அடிச் சட்டமும், நிலைக்கால்கள் அதில் இறங்குகிற கீழ்முனையும். மழைத் தண்ணீர் தேங்கும் இடம் அது. கரையான் ஏறுவதும் சுவரிலிருந்து அந்தப் பக்கமாகவே. வைரத்தை அது எளிதில் தொடாது, மேல் வெள்ளையைத் தின்னும். ஆக, கெட்ட அரையடியைச் சாய்வாக அறுத்தெடுத்து, அதே மரத்தில் ஒட்டுப்போட்டு, அடிச் சட்டத்தை வெளிப்பக்கம் சரிவாக இழைத்துவிட்டால் சன்னல் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்த பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு போட்டவுடன் ஈரம் உள்ளேயே அடைபட்டு நிலையை உளுக்கச் செய்கிறது. "பழைய மரம் உளுத்துப்போச்சு" என்று சொல்லப்படுகிற பல இடங்களில் உளுக்க வைத்தது புதிய சிமெண்டு.

இன்னொன்று, கனத்த நிலை பல பழைய சுவர்களில் மேல்பாரத்தையும் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருக்கும். முட்டுக் கொடுக்காமல் பெயர்த்தால் மேலே விரிசல் ஓடும். இங்கிலாந்தில் பழைய வீடுகளின் துருத்திய சன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வைத்தபோது இதே கூத்துதான். மூலைக் கால்கள்தான் மேல்மாடியைத் தாங்கின என்பது தெரியாமல் அவற்றை உருவி, முகப்பே தொங்கிப்போன வீடுகள் அங்கே உண்டு.

மாற்றாக வருவது எது? அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். யு.பி.வி.சி. அப்படிக் கடத்தாது, கரையானும் அரிக்காது, உண்மைதான். ஆனால் உடைந்தால் ஆசாரியால் ஒட்டுப்போட முடியாது. கம்பெனி அதே அச்சை விட்டுவிட்டால் முழுச் சன்னலையும் தூக்கி எறிய வேண்டியதுதான். இவற்றில் பெரும்பாலும் நம் ஊரில் வைப்பது நகர்த்துகிற கண்ணாடி. இரண்டு கண்ணாடி ஒன்றின் மேல் ஒன்று நகரும் சன்னல், எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். நாலு கதவுச் சன்னல் முழுசாகத் திறக்கும். அதே அளவு ஓட்டையில் பாதிக் காற்று. மீதிப் பாதிக்கு ஏ.சி. வாங்க வேண்டும். வாங்க முடிந்தவருக்கு அது வசதி. அந்த அறையில் வாடகைக்கு இருக்கப்போகிற செக்கிங் பெண்ணுக்கு அது வெறும் பாதிக் காற்று. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்தப் பாதியின் அர்த்தத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே பழுதுபார்க்க முடிந்ததைப் பழுதுபார்ப்பது என்பது ரசனையின் கோரிக்கை என்பதைவிட வாழ்நிலையின் கோரிக்கை. தமிழகத்தில் மரபு ஆணையத்துக்கென்று 2012-இல் சட்டம் இயற்றப்பட்டது. அப்படிப்பட்ட சட்டங்கள் முதலில் தேடிப்போவது அரண்மனையையும் மாளிகையையும்தான். அவற்றின் பட்டியலில் தோட்டத்துச் சாளைக்கோ, ஐந்தாகத் தடுக்கப்பட்ட தாழ்வாரத்துக்கோ இடம் கிடைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. அந்தப் பட்டியலை நீட்டச் சொல்லிப் போராடுவது நம் வேலையென்று எனக்குத் தோன்றவில்லை. பழைய சன்னலில் நமக்குக் கற்றுக்கொள்ள இருப்பது அதன் செதுக்கு வேலையைக் காட்டிலும் அந்த நாலு கதவின் கணக்கு. அந்தக் கணக்கை, அது பிறந்த சாதி வீட்டிலிருந்தும் பெண்ணைப் பூட்டிய ஒழுக்கத்திலிருந்தும் பிரித்தெடுத்து, வாடகை லைன் வீட்டின் சுவருக்குக் கொண்டுபோக முடியும். அதற்குத் தேக்கு தேவையில்லை. வேம்பு போதும், பூவரசு போதும். 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட பிறகு இயற்கைக் காட்டுத் தேக்கைப் பற்றிக் கனவு காண்பது நேர்மையும் ஆகாது.

தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் பஞ்சப்படி உண்டு, போனஸ் உண்டு, பீஸ் ரேட் உண்டு. எல்லாம் நியாயமானவை. அவற்றோடு இன்னொரு வரி சேர வேண்டும்: தொழிலாளி வேலை செய்கிற அறைக்கும் படுக்கிற அறைக்கும் முழுசாகத் திறக்கிற சன்னல் ஒன்று. தேசியக் கட்டிட விதித் தொகுப்பு, வெப்பமும் வறட்சியுமான பகுதியில் அறைத் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்று சொல்கிறது. பத்துக்குப் பத்து அறைக்குக் கணக்குப் போட்டால் பத்துச் சதுர அடி. நாலடி உயரம், இரண்டரை அடி அகலம். ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவு. அதில் திறக்கிற பாகம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குவதுதான் மிச்சம். வீட்டுக்காரரிடம் இதைக் கேட்கத் தனி ஆளால் முடியாது, மறுநாளே சாமான் வெளியே வந்துவிடும். காதர்பேட்டையில் கூலிக்காக ஒன்றாக நின்றவர்கள் காற்றுக்காகவும் ஒன்றாக நின்றாக வேண்டும். வாடகைதாரர் சங்கம் என்ற ஒன்று இந்த ஊரில் அதற்காகவேனும் தொடங்கப்பட வேண்டும்.